மாடிப்படிச் சண்டை

நின்ற இடத்திலேயே ஓடச் சொல்லி ஒரு கைப்பேசியைப் பார்த்துக் கத்த வேண்டிய காலம் வரும் என்று பி.டி. டீச்சர் கனவிலும் நினைத்ததில்லை. அவளுடைய வேலை மைதானத்தில். வெயில், புழுதி, விசில், வரிசையை விட்டு நழுவும் பிள்ளைகள், இதுதான் அவளுக்குத் தெரிந்த வகுப்பறை. தொற்று பரவுகிறது என்று பள்ளியை மூடியபோது கணக்கு டீச்சரும் அறிவியல் டீச்சரும் கரும்பலகையைத் தூக்கித் திரைக்குள் வைத்துவிட்டார்கள். மைதானத்தை எந்தத் திரைக்குள் வைப்பது?

தலைமையாசிரியை அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். "வீட்லயே குதிக்க வைங்க டீச்சர். பசங்க உக்காந்து உக்காந்து குண்டாயிட்டாங்கன்னு பேரண்ட்ஸ் எல்லாம் சொல்றாங்க. காலைல முதல் பீரியடே உங்களோடதுதான்."

ஆகவே தினமும் காலையில் சோபாவைச் சுவரோடு தள்ளி, கைப்பேசியை ஒரு ஷூ பெட்டியின் மேல் சாய்த்து வைத்து, கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு அவள் குதித்தாள். எதிரே கறுப்புக் கட்டங்கள். "கேமராவ ஆன் பண்ணுங்க" என்றால், "நெட் ஸ்லோ மிஸ்" என்று ஒரே குரலில் பதில் வரும். அது மட்டும் ஸ்லோ இல்லாமல் வரும். "எத்தன பேர் குதிக்கறீங்க?" என்று கேட்டால், "நான் குதிச்சுட்டேன் மிஸ்" என்று ஒருத்தி சொல்வாள். போர்வைக்குள்ளிருந்து பேசும் குரல் எப்படி இருக்கும் என்று டீச்சருக்குத் தெரியாதா என்ன?

ஆளில்லாத இடத்தில் குதித்தாலும் பரவாயில்லை. வீட்டில் எந்நேரமும் ஆள். டிராவல்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த கணவர், எல்லாரும் பயணத்தை ரத்து செய்த பிறகு வீட்டோடு இருந்தார். சும்மா இருந்தால்கூட மன்னித்திருப்பாள். அவர் சமையலறையைத் திருத்த ஆரம்பித்தார். டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார். உப்பு எங்கே என்று கேட்டால், "நடு வரிசைல, இடது பக்கத்துலேர்ந்து பாரு" என்று வழி சொன்னார். அவளுடைய சொந்த சமையலறையில் அவள் வழி கேட்டுப் போக வேண்டியிருந்தது. ஒருநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பனியனோடு பின்னால் நடந்துபோனார். அன்று மட்டும் எல்லாப் பிள்ளைகளின் நெட்டும் நன்றாக வேலை செய்தது. அத்தனை பேரும் சிரித்தார்கள்.

மாமனார் டிவி முன்னால். காலையில் எழுந்ததும் நேற்று எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேர் போனார்கள் என்று உரக்க வாசித்துச் சொல்வார். "மாமா, கொஞ்சம் சத்தத்தக் குறைங்களேன்" என்றால், "தெரிஞ்சுக்க வேணாமாம்மா?" என்பார். மகளுக்குப் பொதுத்தேர்வு. அது நடக்கும் என்றார்கள், தள்ளிப்போனது என்றார்கள், ரத்து என்றார்கள், பிறகு நடந்தாலும் நடக்கலாம் என்றார்கள். மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் "படிக்கறேன்" என்றாள். படி என்றால் "எதுக்கு?" என்றாள்.

இதெல்லாம் போதாதென்று, டீச்சர் குதிக்க ஆரம்பித்ததும் கீழிருந்து இடி விழும். யாரோ துடைப்பக் கட்டையால் கூரையைக் குத்தும் சத்தம்.

கீழ்வீட்டில் இருந்தவள் ஒரு பெரிய மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். குடியிருப்பில் அவளை 'லேப் மேடம்' என்பார்கள். வருகிற மாதிரிகளையெல்லாம் சோதித்து யாருக்குத் தொற்று, யாருக்கு இல்லை என்று சொல்கிற வேலை. இரவெல்லாம் வேலை செய்துவிட்டுக் காலையில் வந்து படுப்பாள். அவளைப் பற்றி யாரிடமும் குறை சொல்ல முடியாது என்பதுதான் டீச்சருக்குப் பெரிய எரிச்சல். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பால்கனியில் நின்று அவளுக்காகக் கை தட்டியிருந்தார்கள். டீச்சரும் தட்டினாள். மறுநாளே குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் லிஃப்டில் ஒரு தாளை ஒட்டினார்: 'மருத்துவமனையில் பணிபுரிவோர் அன்புகூர்ந்து படிக்கட்டைப் பயன்படுத்தவும்.' தெய்வத்தைக் குறை சொன்னால் பாவம், தெய்வத்தோடு லிஃப்டில் போனால் ஆபத்து. டீச்சர் வாயை மூடிக்கொண்டு குதித்தாள்.

ஒரு புதன்கிழமை வாயை மூடிக்கொள்ள முடியவில்லை. அன்று காலையிலேயே தலைமையாசிரியை, பிள்ளைகள் குதித்ததற்கு ஆதாரமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். கறுப்புக் கட்டத்தைப் படம் எடுத்து என்ன செய்வது? அந்தக் கடுப்பில் குதித்தபோது கீழிருந்து இடி. டீச்சர் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, ஷூ காலோடு தடதடவென்று படியிறங்கினாள்.

கதவு திறந்தது. லேப் மேடம் தலை கலைந்து, கண் சிவந்து, வீட்டுக்குள்ளேயே மாஸ்க்கோடு நின்றாள். கையில் துடைப்பம்.

"கிட்ட வராதீங்க" என்றாள். "அங்கயே நில்லுங்க."

டீச்சர் இரண்டு படி ஏறி நின்றுகொண்டாள். "எதுக்குங்க தினம் தினம் இடிக்கறீங்க?"

"நான் இடிக்கறேனா? உங்க வீட்ல என்ன யானையா வளக்கறீங்க?"

"பானையா? என்ன பானை?"

"யானை! யானை!"

மாஸ்க்குக்குள்ளிருந்து கத்தியதில் அவளுக்கு இருமல் வந்தது. இருமல் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"நான் என்ன, ஆசைப்பட்டா குதிக்கறேன்?" என்றாள் டீச்சர். "இந்த வயசுல ஹால்ல நின்னு குதிக்கணும்னு எனக்கு வேண்டுதலா? பசங்க ஒருத்தரும் குதிக்கறதில்ல. நான் ஒருத்திதான் குதிக்கறேன். முட்டி வலிக்குது. யாராவது கேக்கறாங்களா?"

"எனக்கு முதுகே போச்சு. அந்த பிளாஸ்டிக் டிரஸ்ஸ மாட்டிக்கிட்டா தண்ணி குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. கண்ணாடி பூரா ஆவி. அதுல டியூப் மேல இருக்கற நம்பர தப்பில்லாம படிக்கணும். தப்பாச்சுன்னா ஒருத்தர் குடும்பமே அல்லாடும். வீட்டுக்கு வந்து குளிச்சுட்டு கண்ண மூடினா, மேல ஒன், டூ, த்ரீ!"

"குளிச்சுட்டு கண்ண மூட உங்களுக்கு ஒரு ரூமாவது இருக்கே! எங்க வீட்ல பாத்ரூம் போனாக்கூட வெளியிலேர்ந்து மூணு பேர் கூப்பிடறாங்க. உப்பு எங்கன்னு நானே கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு!"

"கூப்பிட ஆளாவது இருக்கு!" லேப் மேடத்தின் குரல் உயர்ந்தது. "எங்க வீட்டுக்காரர் கப்பல்ல வேல பாக்கறார். போன வருஷம் ஏறினவர் இன்னும் எறங்கல. எந்தத் துறைமுகத்துலயும் எறக்க விட மாட்டேங்கறாங்க. சிக்னல் கெடச்சா அவர் பொலம்பறதக் கேட்டு முடிக்கறதுக்குள்ள லைன் கட். நான் எங்க போய்ப் பொலம்பறது? சுவத்துக்கிட்டயா?"

"அதான் சுவத்த இடிக்கறீங்களா?"

"ஆமா! இடிப்பேன்!"

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். டீச்சர் மூச்சு வாங்க மேலே வந்தாள். கைப்பேசியில் வகுப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் எங்கே என்று ஒரு பிள்ளையும் கேட்டிருக்கவில்லை.

"என்ன, சண்டையா?" என்றார் கணவர்.

"ஆமா" என்றாள். சொன்னபோதுதான் கவனித்தாள், தோள் இரண்டும் லேசாக இருந்தன. மைதானத்தை ரெண்டு சுற்று ஓடிவிட்டு வந்தது போல. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டாள். மாமனார் எண்ணிக்கை வாசித்தபோது எரிச்சல்கூட வரவில்லை.

மறுநாள் முதல் பழைய கம்பளியை நாலாக மடித்துப் போட்டு அதன் மேல் நுனிக்காலில் குதித்தாள். இடிச் சத்தம் குறைந்தது. ஆனால் சண்டை குறையவில்லை. மேலிருந்து துணி சொட்டுகிறது என்று லேப் மேடம் படியில் நின்று கத்துவாள். படியெல்லாம் சானிடைசர் வாடை தாங்கவில்லை என்று டீச்சர் பதிலுக்குக் கத்துவாள். ஒருத்தி மேல் திருப்பத்தில், ஒருத்தி கீழ்த் திருப்பத்தில். முதல் இரண்டு வாக்கியம் துணியைப் பற்றியும் வாடையைப் பற்றியும் இருக்கும். அதற்குப் பிறகு பேச்சு எங்கெங்கோ போகும்.

"எங்க மாமனாருக்குத் தடுப்பு மருந்து வந்தா முதல்ல போட்டுடணும்ங்கறார் என் வீட்டுக்காரர். எனக்கு அந்த டிவிக்குத்தான் ஏதாவது போடணும் போல இருக்கு."

"எங்க சூப்பர்வைசர் போன்ல கேக்கறான், ராத்திரி ஏன் ரிசல்ட் லேட்டுன்னு. அவன் வீட்லேர்ந்து கேக்கறான். பின்னால மிக்ஸி ஓடற சத்தம் கேக்குது."

"என் பொண்ணு என்னோட பேசி ஒரு வாரம் ஆச்சு."

"நான் ஒரு மனுஷ முகத்தப் பாத்து எத்தன மாசம் ஆச்சு தெரியுமா? வெறும் கண்ணுதான். எல்லாரும் கண்ணாலயே மொறைக்கறாங்க."

ஒருத்தி சொல்வதற்கு மற்றவள் ஆறுதல் சொன்னதே இல்லை. அதைவிடப் பெரிதாக ஒன்றைத் தூக்கிப் போடுவாள், அவ்வளவுதான். யார் குரல் ஓய்கிறதோ அவள் "போங்க, போய் வேலையப் பாருங்க" என்று முடித்து வைப்பாள். அந்த ஏழெட்டு நிமிஷத்துக்காக டீச்சர் காலையிலிருந்தே எதையாவது சேர்த்து வைக்க ஆரம்பித்தாள். "இன்னிக்கு இத விடக் கூடாது" என்று முணுமுணுத்தபடி பாத்திரம் கழுவினாள்.

பார்த்தவர்களுக்கு அது வெறும் சண்டை. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான செயலாளருக்கு, தீர்த்து வைக்க ஏதாவது கிடைத்தால் போதும். வீடியோவில் ஒரு கூட்டம் கூட்டினார்.

அவருடைய கேமராவில் மின்விசிறி மட்டும் தெரிந்தது. வெகுநேரம் அந்த மின்விசிறி சுற்றியது. பிறகு யாரோ, "சார், நீங்க மியூட்ல இருக்கீங்க" என்றார்கள். செயலாளர் முதலிலிருந்து ஆரம்பித்தார். லேப் மேடத்தின் கட்டத்தில் பெயர் மட்டும் இருந்தது.

"நம்ம லேப் மேடம் செய்யறது மகத்தான சேவை. அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்காகத்தான் கூட்டம் என்று டீச்சருக்கு அப்போதே பொறி தட்டியது.

"ஆனா டீச்சருக்கும் மேடத்துக்கும் ஒத்துப்போகல. சண்ட இல்லாத வாரமே இல்லன்னு எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிலயே ஹாஸ்டல் தராங்களாம். நெலம சரியாகற வரைக்கும் மேடம் அங்க தங்கிக்கிட்டா அவங்களுக்கும் நிம்மதி, டீச்சருக்கும் நிம்மதி, நமக்கும்..."

"உங்களுக்கு என்ன சார் நிம்மதி?" என்றாள் டீச்சர்.

"இல்லம்மா, உங்க நல்லதுக்குத்தான்..."

"நான் எப்ப சார் உங்ககிட்ட வந்து புகார் சொன்னேன்? சண்ட போட்டது நாங்க ரெண்டு பேரும். நடுவுல நீங்க யாரு?" அவளுக்கு இனி நிறுத்த முடியாது என்று தெரிந்துவிட்டது. "கை தட்டினீங்களே சார், பால்கனில நின்னு! நானும்தான் தட்டினேன். அடுத்த நாளே லிஃப்ட்ல பேப்பர் ஒட்டினீங்க. ராத்திரி பூரா நின்னுட்டு வர்றவங்கள மாடி ஏற வெச்சுட்டு, அதுல அன்புகூர்ந்துன்னு வேற! அது என்ன அன்பு சார்? எனக்குப் புரியல!"

கணவர் கதவோரம் நின்று 'போதும்' என்று கையை ஆட்டினார். அது அவளை இன்னும் கிளப்பிவிட்டது.

"யாருக்கு இங்க நிம்மதி இருக்கு? நாலாவது மாடில காலங்காத்தால சைக்கிள ஹாலுக்குள்ள ஓட்டறாங்க, நான் கேட்டேனா? என் வீட்டுக்கு வந்த பார்சல் மேல யாரோ மருந்தடிச்சு, உள்ள இருந்த புஸ்தகம் பூரா ஊறிப்போச்சு. கேட்டேனா? குரூப்ல தினம் ஒரு வைத்தியம் போடறீங்க. ஆவி பிடின்னு ஒருத்தர், பிடிக்காதேன்னு ஒருத்தர். என் வீட்டுக்காரர் ரெண்டையும் செய்யறார்! எல்லாரும் பைத்தியம் பிடிச்சுப் போயிருக்கோம் சார். அதுல ஒருத்தர மட்டும் வெளிய அனுப்பினா மத்தவங்களுக்குத் தெளிஞ்சுடுமா?"

மாமனார் அந்த வருஷத்திலேயே முதல் முறையாக டிவியின் சத்தத்தை அடக்கிவிட்டு நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார். மகள் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள்.

 கூட்டத்தில் நாலாவது மாடிக்காரர், "சைக்கிள நிறுத்திடறேங்க" என்றார். செயலாளர், "நெட் கட்டாவுது" என்று சொல்லிவிட்டு மறைந்தார். மறுநாள் காலை லிஃப்டில் அந்தத் தாள் இல்லை. யார் கிழித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

டீச்சருக்குக் கால் தரையில் படவில்லை. அன்று கம்பளி போடாமலே நாலு குதி கூடுதலாகக் குதித்தாள். வகுப்பு முடிகிற நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் லேப் மேடம். அவள் மேலே ஏறி வந்தது அதுதான் முதல் தடவை. நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று டீச்சர் நினைத்தாள். பரவாயில்லை, இதிலென்ன இருக்கிறது என்று சொல்லத் தயாராக வாயைத் திறந்தாள்.

"யாரக் கேட்டு எனக்காகப் பேசினீங்க?" என்றாள் லேப் மேடம்.

"என்னது?"

"ஹாஸ்டல் வேணும்னு எழுதிக் குடுத்ததே நான்தான். செயலாளர்கிட்ட சொல்லிக் கூட்டம் போடச் சொன்னதும் நான்தான்."

 லேப் மேடம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள். கப்பல்காரருக்கு அவள் வீட்டைவிட்டுப் போவது பிடிக்காது. என்றைக்காவது ஒருநாள் இறக்கிவிடுவார்கள், இறங்கினால் நேரே வீட்டுக்குத்தான் வருவேன், நீ கதவைத் திறக்க வேண்டும் என்பதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். அவளுக்கோ தனியாகக் கதவைத் திறந்து தனியாகச் சாத்திச் சலித்துவிட்டது. ஹாஸ்டல் மருத்துவமனைக்குள்ளேயே இருக்கிறது. வேலை முடிந்ததும் போய் விழுந்துவிடலாம்.

"குடியிருப்புல போகச் சொல்லிட்டாங்கன்னு அவர்கிட்ட ஒரே வார்த்தைல முடிச்சிருப்பேன். இப்ப நானா போறேன்னு சொல்லணும். எதுக்குப் போறேன்னு கேப்பார். என்ன சொல்றது?"

"அப்ப கூட்டத்துலயே வாயத் தெறந்து சொல்லியிருக்கலாம் இல்ல?"

"தூங்கிட்டேன்."

"என்ன?"

"செயலாளர் பேச ஆரம்பிச்சார். மின்விசிறி சுத்துச்சு. தூங்கிட்டேன். காலைல நாலாவது மாடிக்காரர் போன் பண்ணி, நல்லா மூக்கறுத்தாங்க டீச்சர்னு சொல்றார். யார் மூக்கன்னு கேட்டப்புறம்தான் எல்லாம் தெரியுது."

டீச்சருக்கு அவமானமாக இருந்தது. ஊரே பார்க்கத் தொண்டை கிழியக் கத்தியது ஒரு தூங்குகிறவளுக்காக. "இவ்வளவு நாள் தெனம் என்கிட்ட கத்தறீங்களே, இத ஒரு வார்த்த சொல்லத் தோணலையா?"

"உங்ககிட்டதான் சொல்ல முடியல" என்றாள் லேப் மேடம். "சொன்னா நீங்களும் ஏன் போறீங்கன்னு கேப்பீங்க."

"நான் எதுக்குக் கேக்கறேன்? தாராளமாப் போங்க. நானும் நிம்மதியாக் குதிப்பேன்."

அது வழக்கமான சண்டையில் சேரவில்லை என்று சொல்லி முடிக்கும்போதே தெரிந்தது. லேப் மேடம் விடுவிடுவென்று இறங்கிப் போனாள். அன்று டீச்சருக்குத் தோள் லேசாகவில்லை.

வார இறுதியில் லேப் மேடம் கிளம்பினாள். லிஃப்டில் தாள் போனதோடு லிஃப்டும் நின்றிருந்தது. பழுது பார்க்கும் ஆள் இந்த நிலைமையில் வர மாட்டேன் என்றுவிட்டான். இரண்டு பெரிய பைகளை வைத்துக்கொண்டு லேப் மேடம் படியில் நிற்பதை டீச்சர் மேலிருந்து பார்த்தாள். பேசாமல் இறங்கிவந்து ஒரு பையைத் தூக்கினாள். லேப் மேடம் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினாள். தரைத்தளம் வந்ததும் டீச்சர் பையை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். லேப் மேடம் பையின் கைப்பிடியில் சானிடைசரை அடித்துத் துடைத்தாள். பிறகு பாட்டிலை டீச்சரின் கையை நோக்கி நீட்டி அங்கேயும் அடித்தாள்.

"நல்லாத் தேய்ங்க" என்றாள். "கட்ட விரல விட்டுட்டீங்க."

மருத்துவமனை அனுப்பிய ஆம்புலன்ஸ் ஒன்று அவளை ஏற்றிக்கொண்டு போனது. செயலாளர் பால்கனியில் நின்று கை அசைத்தார்.

அதன் பிறகு டீச்சர் இஷ்டப்படி குதிக்கலாம். யாரும் தடுக்கவில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கம்பளியைத் துவைத்து மடித்து மேலே போட்டாள். கணவர் அதை நிறவாரியாக அடுக்கினார். மகளின் தேர்வு நடக்கும் என்று அறிவித்து, மறுநாள் சாயங்காலம் ரத்து என்று அறிவித்தார்கள். மகள் அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று கேட்டதற்கு, "தெரியலம்மா" என்று மடியில் படுத்தாள். அது ஒன்றுதான் அந்த வாரத்தில் நடந்த நல்லது. மாமனாருக்கு இருமல் வந்து, சோதனை செய்து, ஒன்றுமில்லை என்று வருவதற்குள் வீடே அரை உயிராகிவிட்டது. இல்லை என்று தெரிந்ததும் அவர் டிவியைப் போட்டார்.

இவை எல்லாவற்றையும் டீச்சர் வழக்கம்போல் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தாள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை. படியில் இறங்கினால் கீழ்வீட்டுக் கதவில் பூட்டு.

அப்போதுதான் தலைமையாசிரியை கூப்பிட்டார். "டீச்சர், இந்த வருஷம் ஸ்போர்ட்ஸ் டே விடக் கூடாது. ஆன்லைன்லயே வெச்சுடலாம்."

"ஓட்டப் பந்தயம் எப்படி மேடம் ஆன்லைன்ல?"

"அவங்கவங்க வீட்ல ஓடட்டும். யாரு முதல்ல வந்தாங்கன்னு நீங்க பாத்து சொல்லுங்க."

டீச்சர் போனை வைத்தாள். கணவரிடம் சொன்னாள். அவர் யோசித்து, "நெட் வேகமா இருக்கறவன் ஜெயிப்பான்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

குடியிருப்பு குரூப்பில் தேடி லேப் மேடத்தின் எண்ணை எடுத்தாள்.  அழைத்தாள்.

"யாரு?"

"மேல்வீடு."

 பின்னால் ஏதோ இயந்திரம் சுற்றும் சத்தம் கேட்டது.

"என்ன, அங்க நல்லாத் தூக்கம் வருதா?" என்றாள் டீச்சர்.

"தூக்கமா? ஒரு ரூம்ல மூணு பேர். ஒருத்தி கொறட்ட. ஒருத்தி தூக்கத்துல டியூப் நம்பர் படிக்கறா. ஏசியக் குறைக்கச் சொன்னா ரிமோட் இல்லங்கறாங்க. இதுக்குப் போய் அவர்கிட்ட அவ்வளவு சண்ட போட்டுட்டு வந்தேன்!"

"என்ன சொன்னார்?"

"போன் முழுக்க அழுதார். நானும் அழுதேன். சிக்னல் அன்னிக்குன்னு பாத்து கட்டாகவே இல்ல." அவள் மூக்கை உறிஞ்சினாள். உடனே குரலைக் கூட்டிக்கொண்டாள். "சரி, எதுக்குக் கூப்பிட்டீங்க? எனக்குப் பிரேக் பத்து நிமிஷம்தான். பொலம்பறதா இருந்தா சீக்கிரம் பொலம்புங்க. அப்புறம் என் முறை."

"இருங்க, இருங்க, ஒரு நிமிஷம்" என்றாள் டீச்சர். ஹாலில் மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டாள். காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆன்லைன்ல ஸ்போர்ட்ஸ் டேவாம்" என்று ஆரம்பித்தாள்.